ஒரே வேலைக்கு வந்த இரண்டு மஞ்சுநாத்துகள்

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது பெண்கள் ஹாக்கி அணி ஒன்று தொடங்கப்போகிறார்களாம். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன் செய்து சொன்னாள். ஆட வரும் பெண்களை வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், யாருக்கு என்ன வேகம், யார் பந்தை எத்தனை முறை தவறவிட்டார்கள் என்று அதுவே பார்த்து மார்க் போட்டுவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல பசங்களை எப்படி சிஸ்டர் செலக்ட் பண்ணீங்க? நீங்க அந்தக் கமிட்டியில இருந்தீங்கன்னு சொன்னாங்க" என்று கேட்டாள்.

சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தவள், முடிவில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை எழுதிக் குடுங்க சிஸ்டர், கம்பெனி மலர்ல போடலாம்" என்றாள். போடுவார்களா என்று தெரியாது. எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கோமதி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நர்ஸ் படிப்பை முடித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் கொஞ்ச காலம் ஓடியாடிவிட்டு, கல்யாணம் ஆனதும் கணவருக்கு ஓசூரில் வேலை என்பதால் இங்கே வந்தேன். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மருத்துவ அறை நர்ஸாகச் சேர்ந்து, அதே அறையிலிருந்து ஓய்வு பெற்றேன். வந்த புதிதில் நான் கற்றுக்கொண்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவன் கையை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கசக்கிவிடுவான். இன்னொன்று, "எங்கே வலிக்குது" என்பதை மூன்று மொழியிலும் கேட்கத் தெரிய வேண்டும். "எல்லி நோவு" என்றால் கன்னடக்காரன் காட்டுவான், "எக்கட நொப்பி" என்றால் தெலுங்குக்காரன் காட்டுவான். தமிழன் மட்டும் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பான்.

ஹாக்கிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் எங்கள் கம்பெனியில், எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அப்போது அங்கே பெண்கள் மிகக் குறைவு. டெலிபோன் பார்க்கும் பெண் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆகவே கேன்டீன் கமிட்டி, யூனிஃபார்ம் கமிட்டி, கொசு ஒழிப்புக் கமிட்டி எல்லாவற்றிலும் நான்தான் பெண் உறுப்பினர். ஹாக்கித் தேர்வுக் கமிட்டி போட்டபோது எனக்கு யாரும் தனியாகச் சொல்லக்கூட இல்லை. மீட்டிங்குக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன்.

ஹாக்கி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஐந்து கம்பெனிகளுக்குள் வருடாவருடம் ஹாக்கிப் போட்டி நடக்கும். நல்லா ஆடும் பையனை ஒரு கம்பெனி சேர்த்துக்கொண்டால் இன்னொரு கம்பெனி ஆசை காட்டி இழுத்துக்கொள்ளும். சண்டை அதிகமாகிவிட்டதால் ஐந்து மேனேஜர்களும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து ஆளுக்கு ஒரு பையனைத்தான் எடுக்கலாம், அதையும் சீட்டுக் குலுக்கி முறை வைத்து எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்த பையனை மற்றவர் தொடக்கூடாது. மேனேஜர்கள் இதை டிராஃப்ட் என்றார்கள். மற்ற எல்லோரும் ஏலம் என்றார்கள். "எம் பையனை ஏலம் விடப் போறீங்களாமே, மாடா அவன்?" என்று ஒரு தகப்பனார் கம்பெனி கேட்டுக்கே வந்து சண்டை போட்டதும் உண்டு.

ஆனால் பசங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காரணம் ஹாக்கி இல்லை. எடுக்கப்படும் பையனுக்கு நிரந்தர வேலை. ஓசூரில் நிரந்தர வேலை என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கான்ட்ராக்டில் சேர்ந்து, சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மறுபடி புதிதாகச் சேர்வதுபோலச் சேர்த்து, அப்படியே தலை நரைத்துப்போனவர்களுக்கு நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

கமிட்டிக்குத் தலைவர் எங்கள் மனிதவள மேலாளர் சீனிவாசமூர்த்தி சார். அவர் மீட்டிங் நடத்தும் விதம் தனி. சட்டைக் கையை ஒரு மடிப்புக்கூட கலையாமல் வைத்துக்கொண்டு, சீரகத் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளரை எதிரில் வைத்துக்கொள்வார். அவருக்கு இடது பக்கத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்கி வரிசையாக எல்லோரும் பேச வேண்டும். அதற்கு "ஒரு சுத்து" என்று பெயர். குறுக்கே யாரும் பேசக்கூடாது. பேசினால் திட்டமாட்டார், டம்ளரைத் தூக்கி அந்த ஆள் பக்கம் காட்டுவார், அவ்வளவுதான். பேசியவர் அடங்கிவிடுவார். சுற்று முடிந்ததும் எல்லோரும் சொன்னதையும் சுருக்கி ஒரு முடிவு சொல்வார். எதிரெதிராகப் பேசியவர்கள் இரண்டு பேருமே தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்து போவார்கள். சுருக்க முடியாத விஷயம் வந்தால், "நோடோணா" என்பார். கன்னடத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் கம்பெனியில் இன்னமும் பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கும் விஷயங்கள் ஏராளம்.

அவர் போட்ட விதி ஒன்று முக்கியம். முந்தைய வருடங்களில் சிபாரிசு அதிகமாக இருந்ததால், பையனைப் பற்றிப் பேசும்போது அப்பா பெயர், சாதி, மொழி, யாருக்கு உறவு, எதுவும் சொல்லக்கூடாது. பெயரும் ஆட்டமும் மட்டும்தான். ரொம்ப நியாயமான விதி. எல்லாக் குழப்பமும் அதனால்தான் வந்தது.

கமிட்டியில் ஓட்டு உள்ளவர்கள் ஐந்து பேர். யூனியன் செயலாளர் முனிராஜ், தயாரிப்பு மேலாளர் சந்திரசேகர், ஸ்டோர்ஸ் அதிகாரி, கணக்கு அதிகாரி, நான். பையன்களை ஆடவைத்துப் பார்க்கும் டிரையல் ஒரே நாளில் இரண்டு இடத்தில் நடந்தது. முனிராஜும் ஸ்டோர்ஸ் அதிகாரியும் கிருஷ்ணகிரி மைதானத்துக்குப் போனார்கள். சந்திரசேகரும் கணக்கு அதிகாரியும் ஓசூர் மைதானத்தில் இருந்தார்கள். நான் மருத்துவ அறையில் ஒருவன் கட்டை விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கிளார்க் இரண்டு மைதானத்துப் பெயர்களையும் சேர்த்து டைப் செய்தார். இரண்டிலும் "எம். மஞ்சுநாத், பாகலூர்" என்று இருந்தது. ஒரே பையன் ஆர்வக்கோளாறில் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறான் என்று நினைத்து ஒன்றை நீக்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மஞ்சுநாத் மேல்தான் விழும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கும்பகோணத்துக்காரர்.

மீட்டிங் நாள் வந்தது. மூர்த்தி சார் பெயரை வாசித்தார்.

"எம். மஞ்சுநாத். ஒரு சுத்து போலாம். முனிராஜ், நீங்க ஆரம்பிங்க."

முனிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் ஹாக்கி மட்டையைத் தொட்டிராதவர், அந்த ஒரு டிரையலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நிபுணராகிவிட்டார். "சார், இந்தப் பையனை விட்டுட்டா நாம ஹாக்கி ஆடறதே வேஸ்ட்டு. ஓடறான்னு சொன்னாப் பத்தாது சார். இங்க இருக்கறான், பாக்கறன், இல்ல. அங்க இருக்கறான். எதிர் டீம்காரனுங்க இவனைத் தேடினு நிக்கறானுங்க."

அடுத்து சந்திரசேகர். "எனக்கும் இதே பையன்தான் சார். ஆனா ஓடறான்னு சொல்றதுதான் புரியல. அவன் நகரவே மாட்டான். பாறாங்கல்லு மாதிரி கோல் முன்னாடி நிப்பான். பந்து போகும், இடிச்சிட்டுத் திரும்பி வரும்."

முனிராஜ் எழப் பார்த்தார். மூர்த்தி சார் டம்ளரைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டோர்ஸ் அதிகாரி, "உயரம் கம்மி சார். அதான் அவனுக்கு பிளஸ். ரெண்டு ஆளுக்கு நடுவுல பூந்துடறான்" என்றார்.

கணக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உயரம் கம்மியா? கதவுல தலை இடிக்கும் சார் அந்தப் பையனுக்கு. அவன் நின்னா கோல் போஸ்ட்டுல பாதி தெரியல."

"சிஸ்டர்?" என்றார் மூர்த்தி சார்.

"நான் பாக்கலையே சார்" என்றேன்.

"குட்" என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் சீரகத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போலச் சுருக்கினார். "ஆக, வேகமும் இருக்கு, நிதானமும் இருக்கு. முன்னாடி போய் கோலும் போடறான், பின்னாடி நின்னு கோலும் காக்கறான். ரெண்டு கிரவுண்டுலயும் ரெண்டு இடத்துல ஆடிக் காட்டியிருக்கான். உயரம் பத்தி மட்டும் கருத்து வித்தியாசம். அது பாக்கற தூரத்தப் பொறுத்தது."

"மல்டி ஸ்கில்!" என்று மேசையைத் தட்டினார் சந்திரசேகர். ஒரே தொழிலாளி இரண்டு மெஷின் ஓட்டுவதற்கு எங்கள் கம்பெனியில் அதுதான் பெயர். ஒரு சம்பளத்தில் இரண்டு ஆட்டக்காரர் கிடைக்கிறார் என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. முனிராஜுக்கும் சந்தோஷம், தன் பையன்தான் ஜெயித்தான் என்று. ஆட்சேபணை உண்டா என்று மூர்த்தி சார் கேட்டார். யாருக்கும் இல்லை. ஓடிக்கொண்டே நகராமல் இருக்கும், குள்ளமாகவும் நெட்டையாகவும் இருக்கும் ஒரு பையனை எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லைதான். ஹாக்கி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் ஏலம் நடந்தது. எங்கள் முறை வந்ததும் மூர்த்தி சார் எழுந்து, "எம். மஞ்சுநாத், பாகலூர்" என்றார். எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய பக்கத்துக் கம்பெனியின் அதிகாரி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்கு வேகமாக ஓடும் பையன்தான் வேண்டும், மனதில் வைத்திருந்தது அவனைத்தான். தன் முறை வந்தபோது, "இப்ப யாரும் வேணாம். எங்க இடத்தை அப்படியே வைங்க, போட்டிக்கு முன்னாடி சொல்றோம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே முனிராஜ் தன்னிடமிருந்த நம்பருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். கணக்கு அதிகாரியும் தன்னிடமிருந்த நம்பருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார்.

சேரும் நாளன்று காலையில் மருத்துவப் பரிசோதனைக்காக ஒரு பையன் வந்தான். ஒல்லி, என் தோள் உயரம், நிற்கும்போதே ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. எம். மஞ்சுநாத் என்றான். கணக்கு அதிகாரி பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினேன். அப்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டிக்காரர் ஒரு நெட்டைப் பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், இவரை முதல்ல பாருங்க. தலையில ஏதோ அடிபட்டிருக்குது போல."

"ஏன், என்னாச்சு?"

"எம். மஞ்சுநாத்துன்னு சொல்றாரு. எம். மஞ்சுநாத் அப்பவே உள்ள வந்துட்டாரு, ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குது. நீ உள்ள இருக்கற தம்பி, வெளிய வராம மறுபடி எப்படி உள்ள வருவன்னு பொறுமையா சொல்லிப் பாத்துட்டன். அவருக்குப் புரியல."

நெட்டைப் பையன் குனிந்துதான் உள்ளே வந்தான். எடை மெஷின் மேல் நின்றிருந்தவனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒருவன் ஊருக்கு அந்தக் கடைசி, இவன் இந்தக் கடைசி.

"உன் பேரு?" என்றான் பெரியவன்.

"மஞ்சுநாத். உன்து?"

"மஞ்சுநாத்."

"இனிஷியலு?"

"எம்மு."

சின்னவன் மெஷினிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒருவன் அப்பா முனியப்பா, இன்னொருவன் அப்பா மாரப்பா. இரண்டு பேர் கையிலும் சுவீட் பாக்ஸ் இருந்தது. எங்களுக்குக் கொடுப்பதற்காக வீட்டில் வாங்கி அனுப்பியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

உடனே மீட்டிங். தாங்கள் இரண்டு பேரைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்று தெரிந்ததும் முனிராஜும் சந்திரசேகரும் மாற்றி மாற்றி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்கள். மூர்த்தி சார் டம்ளரைத் தூக்கக்கூட மறந்துவிட்டார். இருக்கும் வேலை ஒன்று. ஏலத்தில் சொன்ன பெயர் ஒன்று. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது சொன்ன எங்களுக்கே தெரியாது. வெகு நேரம் யோசித்துவிட்டு, "நோடோணா" என்றார்.

பார்ப்பதற்குள் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு ஏற்பாடு செய்தார். எம். மஞ்சுநாத் என்ற ஒரே பயிற்சித் தொழிலாளிக்கு ஒரே நம்பர். காலை ஷிப்டுக்குச் சின்ன மஞ்சு வருவான். மதிய ஷிப்டுக்குப் பெரிய மஞ்சு வருவான். ஒரே லாக்கர், ஒரே சாவி. கேன்டீன் டோக்கனும் ஒன்றுதான். அதைச் சமமாகப் பிரிப்பது எப்படி என்று தெரியாமல் ஒருவன் சாப்பாட்டையும் இன்னொருவன் டிபனையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து சேஃப்டி ஷூ. ஒரு ஆளுக்கு ஒரு ஜோடிதான் தர முடியும் என்று ஸ்டோர்ஸ் அதிகாரி பிடிவாதமாக இருந்தார். சின்ன சைஸில் பெரிய காலை நுழைக்க முடியாது, பெரிய சைஸில் சின்னக் காலை நுழைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பெரிய ஜோடியைக் கொடுத்தார். சின்ன மஞ்சு அதில் பஞ்சுக் கழிவை அடைத்துக்கொண்டு, வாத்து மாதிரி தத்தித் தத்தி நடந்தான். கிருஷ்ணகிரி மைதானத்தில் எல்லோரும் தேடிக்கொண்டு நின்ற பையன் அவன்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியில் ஓட்டெடுப்பு என்று முடிவாயிற்று. எண்ணிப் பார்த்தால் முனிராஜும் ஸ்டோர்ஸும் சின்னவனுக்கு, சந்திரசேகரும் கணக்கும் பெரியவனுக்கு. தலைவருக்கு ஓட்டுக் கிடையாது. மிச்சம் நான்.

அந்த வாரம் மருத்துவ அறைக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முனிராஜ் தலைவலி என்று வந்தார். மாத்திரையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமலே பேசினார். "சிஸ்டர், கோல் போட்டாத்தான் ஜெயிக்க முடியும். நின்னுகினே இருந்தா யாரு சிஸ்டர் கோலு போடறது?" அவர் போனதும் ஸ்டோர்ஸ் அதிகாரி வயிற்று வலி என்று வந்தார். சந்திரசேகர் பிரஷர் பார்க்க வந்தார். கட்டிப் பார்த்தால் உண்மையிலேயே அதிகமாக இருந்தது. "சார், நீங்க ரெண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடுங்க" என்றேன். "நீங்க பெரியவனுக்குப் போட்டா தானா எறங்கிடும் சிஸ்டர்" என்றார். இத்தனை வருடத்தில் எந்தக் கமிட்டியிலும் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. கேன்டீன் சாம்பாரைப் பற்றிக்கூடக் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கோ ஹாக்கியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாது.

அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். இரண்டு பையன்களையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன், இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று.

சின்னவன் முதலில் தரையைப் பார்த்தான். அப்புறம், "கஷ்டமாத்தான் இருக்கும் சிஸ்டர். எங்கம்மா ரோஜாத் தோட்டத்துல பூ வெட்டப் போவுது, கையெல்லாம் முள்ளு. நான் வேலைக்குப் போனா நிறுத்திடலாம்னு இருந்தம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "டிரையல்லயே பக்கத்துக் கம்பெனி சாரு எம் போன் நம்பர் கேட்டு வாங்கினாரு. அப்புறம் ஏலத்துல இவங்க எடுத்துட்டாங்கன்னதும் கூப்பிடல" என்றான்.

பெரியவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பழைய கான்ட்ராக்டுக்கே போவணும் சிஸ்டர். பெயின்ட் ஷாப்பு. கோல்கீப்பரு எல்லாக் கம்பெனியிலயும் ஒருத்தன் இருக்கறான். ஒருத்தன் போதும். அவன் கால ஒடச்சிக்கினாத்தான் அடுத்தவனைத் தேடுவாங்க." சொல்லிவிட்டு, "யாரும் ஒடச்சிக்க வேணாம்" என்று சேர்த்துக்கொண்டான்.

பக்கத்துக் கம்பெனி நர்ஸ் லலிதா எனக்குத் தோழி. மருந்து தீர்ந்துபோனால் சுவருக்கு மேலேயே வாங்கிக்கொள்வோம். அவளைக் கூப்பிட்டு, அவர்கள் கம்பெனியில் ஹாக்கி இடம் நிரம்பிவிட்டதா என்று விசாரிக்கச் சொன்னேன். சாயந்திரமே பதில் வந்தது. "இன்னும் காலியாத்தான்டி கெடக்கு. எங்க சாரு அந்த ஓட்டக்காரப் பையனை நெனச்சு நெனச்சுப் புலம்பறாரு. அவன் கிடைச்சா நாளைக்கே ஆர்டர்ங்கறாரு."

எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஓட்டெடுப்பு அன்று மூர்த்தி சார் புதிதாக ஒரு நிபந்தனை சொன்னார். ஓட்டுப் போடுகிறவர் காரணம் சொல்ல வேண்டும், அது பையனின் சொந்த விஷயமாக இருக்கக்கூடாது. நான் நினைத்து வைத்திருந்த காரணம் முழுக்கச் சொந்த விஷயம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முனிராஜ் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"பெரியவனுக்குப் போடறேன் சார்."

"காரணம்?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஸ்டோர்ஸ் அதிகாரி என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஷூ அவனுக்குத்தான் சரியா இருக்கு சார்."

 மூர்த்தி சாரின் முகம் மலர்ந்தது. "இதான் வேணும். உபகரணம் பொருந்துது. டெக்னிக்கல் பாயின்ட்" என்று எழுதிக்கொண்டார். அந்த ஷூவைக் கொடுத்தவரே தான்தான் என்பதால் ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு வாயைத் திறக்க வழியில்லை. முனிராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனார். அதன்பிறகு வெகு காலம் அவருக்குத் தலைவலியே வரவில்லை.

சின்ன மஞ்சுவிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டதும் அவன் கண் கலங்கிவிட்டது. லாக்கர் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "வாசல்ல லலிதா சிஸ்டர் நிக்கறாங்க, அவங்ககூடப் போ" என்றேன். எதற்கு என்று கேட்காமலே போனான். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிஸ்டர், ஷூ பாருங்க" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சரியான அளவில் புது ஷூ போட்டுக்கொண்டு, லலிதாவின் மருத்துவ அறை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக் காட்டினான். முனிராஜ் டிரையலில் என்ன பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போட்டியில் இவன் நமக்கு எதிராக ஓடுவானே என்று தோன்றியது.

அப்படித் தோன்றியது சரிதான். போட்டியில் பெரிய மஞ்சு எங்கள் கோலைக் காத்த விதத்தால் ஒவ்வொரு ஆட்டமாகத் தாண்டிக் கடைசி ஆட்டத்துக்குப் போனோம். எதிரில் பக்கத்துக் கம்பெனி. ஓசூர் மைதானத்தில் கம்பெனியே திரண்டு வந்திருந்தது. முதலுதவிப் பெட்டியோடு நானும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் முனிராஜ். அவர் என்னிடம் பேசவில்லை, ஆனால் சின்னவன் பந்தைத் தொடும்போதெல்லாம் என் காதுபட மூச்சு விட்டார்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பெரியவன் வந்ததையெல்லாம் காலால் தடுத்தான், மார்பால் தடுத்தான், ஒரு பந்தை உட்கார்ந்தே தடுத்தான். ஆட்டம் முடியப்போகிற சமயம், சின்னவன் எங்கிருந்தோ பந்தைப் பறித்துக்கொண்டு கிளம்பினான். எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் பெரியவன் ஒருவன்தான். பாறாங்கல் என்று பெயர் வாங்கியவன் அன்றைக்கு அசைந்தான். பாய்ந்து வெளியே வந்து, கையை நீட்டி முழு உயரத்துக்கும் விழுந்தான். சின்னவன் அந்தக் கைக்கு மேலே பந்தை லேசாகத் தூக்கிவிட்டான். அது போய் வலையில் உட்கார்ந்தது.

சத்தம் முழுக்கப் பக்கத்துக் கம்பெனி பந்தலில்தான். எங்கள் பந்தலில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அணியை ஜெயிக்கவைத்திருக்க வேண்டிய பையனை ஷூவுக்காக விட்டவள் நான். சந்திரசேகர் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். மூர்த்தி சார் மட்டும் எழுந்து என் பக்கம் வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று இருந்தது. "சிஸ்டர், அடுத்த வருஷம் கமிட்டில நீங்கதான் பெண் உறுப்பினர்" என்றார். திட்டுகிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பெரிய மஞ்சு மருத்துவ அறைக்கு வந்தான். விழுந்ததில் கட்டை விரல் பிசகி வீங்கியிருந்தது.  விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டேய், நெசமாச் சொல்லு. நேத்து விட்டுக் குடுத்தியா?"

"அய்யோ, இல்ல சிஸ்டர்." அவன் முகத்தைப் பார்த்தால் கேட்டதே தப்பு என்று தோன்றியது. "உசுரக் குடுத்துத்தான் வுழுந்தன். அவன் நல்லா அடிச்சிட்டான்."

நான் பஞ்சை வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க அவனை எடுத்திருந்தா நேத்து நாம ஜெயிச்சிருப்பம் சிஸ்டர்."

"ஜெயிச்சிருப்போம். நீ அப்ப எங்க இருப்ப?"

அவன் யோசித்தான். நன்றாகவே யோசித்தான். வெளியே முதல் ஷிப்டுக்கான மணி அடித்தது. பக்கத்துக் கம்பெனியிலும் அடித்தது.

"பெயின்ட் ஷாப்புல" என்றான்.

நான் கட்டுத்துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, விரலைத் தூக்கிப் பார்த்தான்.

"அப்ப நேத்து நல்லாத்தான் தோத்தம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, ஷிப்டுக்குப் போனான்.